கணக்கு வராது, ஆளைக் கவனித்துக்கொள்ள வரும். மலையிலேயே என்ன வேலை பார்க்கலாம்?

கோத்தகிரி_தூறல்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 24, ஊர் அரவேணு பக்கம். பிளஸ் டூவில் காமர்ஸ் எடுத்தேன், ஏனென்றால் பக்கத்து வீட்டு அக்கா எடுத்திருந்தாள், வேறு காரணம் ஒன்றும் கிடையாது. அப்புறம் பி.காம்., காஸ்ட் அக்கவுண்டிங்கில் இரண்டு தடவை அரியர் வைத்து ஒருவழியாக முடித்தேன். கணினியில் கணக்கு எழுதும் டேலி கோர்ஸும் படித்தேன், சர்டிபிகேட் பீரோவில் இருக்கிறது. இப்போது தேயிலைத் தூள், வர்க்கி, தைலம் விற்கும் ஒரு கடையில் பில் கவுண்டரில் இருக்கிறேன். மே மாத சீசனில் கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒருநாள் ராத்திரி கல்லாவில் 1,340 ரூபாய் குறைந்தது. மூன்று தடவை எண்ணினேன், மூன்று தடவையும் வேறு வேறு தொகை வந்தது. சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து சாயங்காலம் ஆறு மணி ஆனாலே வயிற்றைப் பிசைகிறது.

நடுவில் 19 மாதம் வேலைக்கே போகவில்லை. அம்மாயிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அம்மா தோட்டத்துக்குப் போக வேண்டும், அதனால் நான்தான் பார்த்துக்கொண்டேன். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் நானே. பேச்சு குழறும், எனக்கு மட்டும் புரியும். கோபம் வந்தால் தட்டைத் தள்ளிவிடுவார், அப்புறம் அவரே அழுவார். கடைசி வரைக்கும் முதுகில் ஒரு புண் கிடையாது, வீட்டுக்கு வந்து பார்த்த சிஸ்டரே அதைச் சொன்னார். தை மாதம் போய்ச் சேர்ந்தார். நான் மறுபடி கவுண்டருக்கு வந்துவிட்டேன்.

என் கேள்வி இதுதான். மனிதர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலை வேண்டும், கணக்கு வழக்கு இருக்கக் கூடாது. அப்படி எதுவும் இருக்கிறதா, அதுவும் நீலகிரியிலேயே? வீட்டில் 'கீழே போ, திருப்பூரில் ஆபீஸ் வேலை இருக்கிறது' என்கிறார்கள். அங்கேயும் கணக்குதான் எழுதச் சொல்வார்கள்.

சீசன்_வாசி

ரிசார்ட்டில் ஃபிரண்ட் ஆபீஸ் முயற்சி செய்யுங்கள், சிரித்த முகம் இருந்தால் போதும் என்று சொல்லிச் சேர்ப்பார்கள். நானும் அப்படித்தான் சேர்ந்தேன். மூன்றாவது வாரமே நைட் ஆடிட் என்று ஒன்றை என் தலையில் கட்டினார்கள். ராத்திரி ஒரு மணிக்கு அன்றைய அறை வாடகை, சாப்பாட்டு பில், வரி எல்லாவற்றையும் சரிபார்த்துக் கணக்கை மூட வேண்டும், வெளியே நாலு டிகிரி குளிர். வேண்டாம், முயற்சி செய்யாதீர்கள்.

பழைய_சிஸ்டர்

தங்கச்சி, முப்பது வருடத்துக்கு மேல் வார்டில் நின்றவள் சொல்கிறேன். எண்ணே இல்லாத கவனிப்பு வேலை என்று ஒன்று கிடையாது. யாராவது இருக்கிறது என்று சொன்னால் அவர்கள் அந்த வேலையைப் பார்த்ததில்லை என்று அர்த்தம்.

நர்சிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் ஷிஃப்ட் எடுத்தவுடன் சூடு, நாடி, மூச்சு, பி.பி., எல்லாம் எண்தான். எவ்வளவு தண்ணீர் உள்ளே போனது, எவ்வளவு சிறுநீர் வெளியே வந்தது என்று ஒரு அட்டை, அதைக் கூட்டிப் போட வேண்டும். 500 மில்லி பாட்டிலை 4 மணி நேரத்தில் ஏற்றச் சொல்லி டாக்டர் எழுதியிருப்பார். மில்லிக்கு 20 சொட்டு விழும் செட் என்றால் 500ஐ 20ஆல் பெருக்கி, 240 நிமிடத்தால் வகுக்க, நிமிடத்துக்கு 42 சொட்டு வரும். இப்போது பெரிய ஆஸ்பத்திரிகளில் பம்ப் வந்துவிட்டது, எண்ணைத் தட்டிவிட்டால் அதுவே ஏற்றும். ஆனாலும் மின்சாரம் போய்விட்டால் கையில் வாட்சைப் பிடித்துக்கொண்டு சொட்டை எண்ணத்தான் வேண்டும், நம் மலையில் மழைக்காலத்தில் மின்சாரம் எப்படி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதைப் படித்ததும் பயந்து ஓடிவிடாதீர்கள். பயிற்சிக்கு வந்த பிள்ளைகளில் கணக்கில் நூற்றுக்கு முப்பத்தைந்து வாங்கியவர்கள் ஏராளம். அவர்களுக்கு இந்தச் சொட்டுக் கணக்கு ஒரு மாதத்தில் வந்துவிடும், ஏனென்றால் வார்டில் இருப்பது மொத்தமே நாலைந்து கணக்குதான், அதையேதான் தினமும் போடுகிறோம். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் படுத்திருக்கிறார். 38.5 என்றால் அவர் நெற்றி சுடுகிறது. கல்லாவில் அந்த வசதி கிடையாது.

நீங்களே எழுதியிருக்கிறீர்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பினேன் என்று. ராத்திரி எத்தனை மணிக்குத் திருப்பினீர்கள், கஞ்சி எத்தனை கரண்டி இறங்கியது, கடைசியாகச் சிறுநீர் போனது எப்போது என்று கேட்டால் டக்கென்று சொல்வீர்கள். 19 மாதம் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறீர்கள், அம்மா.

படிப்பு விஷயம்: காமர்ஸ் குரூப் என்பதால் பி.எஸ்சி. நர்சிங் கிடைக்காது, அதற்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். ஏ.என்.எம். என்கிற துணைச் செவிலியர் படிப்பு இரண்டு வருடம், அதில் அக்கவுண்டன்சி படித்தவர்களையும் சேர்க்க விதி இருக்கிறது, வயது 35க்குள் இருந்தால் போதும். ஆனால் எந்தப் பள்ளியில் சேர்ந்தாலும் அதற்கு நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஊருக்கு ஊர் போர்டு மாட்டி ஆறே மாதத்தில் நர்ஸ் ஆக்குகிறோம் என்பவர்களிடம் போகாதீர்கள். அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு எந்த அரசு ஆஸ்பத்திரியிலும் நிற்க முடியாது.

கல்லட்டி_36

நான் 108 ஆம்புலன்சில் இ.எம்.டி., அதாவது அவசர மருத்துவ உதவியாளர். சிஸ்டர் சொல்வது சரி, ஆனால் எல்லோரும் வார்டிலேயே நிற்கிற மாதிரி பேசுகிறோம், ரோட்டையும் கொஞ்சம் பாருங்கள்.

எங்களுக்கு 12 மணி நேர ஷிஃப்ட். கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு, பின்னால் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் நோயாளியைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். அந்த நேரத்தில் எனக்குத் தேவையான எண் ரொம்பக் கொஞ்சம். விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 94க்குக் கீழே போனால் மாஸ்க் போடு. சுகர் 70க்குக் கீழே என்றால் இனிப்பு, மயக்கமாக இருந்தால் டாக்டரிடம் போனில் கேட்டு ஊசி. யோசிக்கவே தேவையில்லை, கை போய்விடும். மற்ற நேரமெல்லாம் பேச்சுதான். பிரசவ வலியில் இருக்கிற பெண்ணிடம் 'இதோ சேரிங்கிராஸ் வந்துவிட்டது, அஞ்சு நிமிஷம்' என்று பொய் சொல்லிக்கொண்டே வருவது இருக்கிறதே, அதற்கு எந்தப் பரீட்சையும் கிடையாது. எனக்கும் பள்ளியில் கணக்கு வராது, வாய்ப்பாட்டில் பதினாறாம் வாய்ப்பாட்டோடு நின்றவன் நான்.

ஆனால் ஒன்று, உங்கள் பி.காம்.க்கு இந்தக் கதவு நேராகத் திறக்காது. நான் சேர்ந்தபோது நர்சிங், ஏ.என்.எம்., லேப் டெக்னீஷியன் படிப்பு, இல்லையென்றால் விலங்கியல், தாவரவியல் மாதிரி உயிர் அறிவியலில் பட்டம் கேட்டார்கள். ஏ.என்.எம். முடித்தால் இந்தப் பக்கமும் வரலாம்.

லேப் டெக்னீஷியன் பக்கம் மட்டும் போகாதீர்கள். அங்கே ஆள் முகத்தையே பார்க்க முடியாது, நாள் முழுக்க எண்தான். மருந்துக்கடையும் அப்படித்தான், ஸ்டாக், எக்ஸ்பயரி, பில்.

குன்னூர்_டீச்சர்

சிஸ்டர், உங்கள் அனுபவத்துக்கு மரியாதை. ஆனால் 'பயப்படாதே, வந்துவிடும்' என்று எல்லோருக்கும் சொல்லிவிட முடியாது. நான் சிறப்பாசிரியர். என்னிடம் வருகிற பிள்ளைகளில் சிலருக்கு 15க்கும் 51க்கும் வித்தியாசமே தெரியாது, எவ்வளவு அடித்தாலும் தெரியாது. அதற்குச் சோம்பலோ பயமோ காரணம் இல்லை, கணிதக் கற்றல் குறைபாடு என்று அதற்குப் பெயர் இருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சொல்லியிருக்கும் 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு ஒன்று, அதற்குள்ளே இதுவும் வருகிறது. நம் தலைமுறையில் இதைக் கண்டுபிடிக்க ஆளே இல்லை, 'மக்கு' என்று ஒரு பெயர் வைத்து அனுப்பிவிட்டார்கள். அப்படி அனுப்பப்பட்டவர்களில் பாதிப் பேர் இன்றைக்கும் தனக்குக் 'கணக்குப் பிடிக்காது' என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

அதனால் தூறல், முதலில் ஒன்று சொல்லுங்கள். உங்களுக்கு எண்ணைப் படிப்பதிலேயே சிக்கலா? பஸ் நம்பரை மாற்றிப் படிப்பீர்களா, போன் நம்பரை எழுதும்போது இலக்கம் இடம் மாறுமா, கடிகார முள்ளைப் பார்த்து மணி சொல்லத் தடுமாறுவீர்களா? அப்படி என்றால் ஊசி மருந்துப் பக்கம் போக வேண்டாம். ஒரு புள்ளி தள்ளிப் போனால் பத்து மடங்கு மருந்து உள்ளே போய்விடும்.

பழைய_சிஸ்டர்

டீச்சர் சொன்னது சரி, ஒத்துக்கொள்கிறேன். நான் அதை யோசிக்கவில்லை. இன்சுலினில் அப்படி ஒரு விபத்து நடக்கப் பார்த்ததை நானே கண்டிருக்கிறேன். மில்லிக்கு 40 யூனிட் என்று ஒரு மருந்து, 100 யூனிட் என்று இன்னொன்று, இரண்டுக்கும் ஊசி வேறு வேறு. 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. மாற்றி எடுத்தால் ஆபத்து. நிறத்தைப் பார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி என் தொண்டை காய்ந்தது. நிறம் கை கொடுக்கும், ஆனால் எல்லா மருந்துக்கும் மூடியில் நிறம் கிடையாது.

கோத்தகிரி_தூறல்

இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவே இல்லை. நன்றி.

டீச்சர், நீங்கள் கேட்டதை அம்மாவிடமும் கேட்டுப் பார்த்தேன், என்னை நம்ப முடியாது என்பதால். எண்ணைப் படிப்பதில் சிக்கல் இல்லை. போன் நம்பர் எல்லாம் மனப்பாடமாக இருக்கும். அம்மாயியின் பி.பி. கருவியை நான்தான் கட்டுவேன், 160 வந்த நாளில் எனக்குத் தூக்கம் வராது. அது கணக்கு என்று எனக்குத் தோன்றியதே இல்லை, அது அம்மாயி எப்படி இருக்கிறார் என்பது.

எனக்கு வராதது டேலி ஆக வேண்டிய கணக்கு. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சமமாக வர வேண்டும், வராவிட்டால் நீ திருடினாயா என்கிற மாதிரி ஒருவர் பின்னால் நின்று பார்ப்பார். காசை எண்ணும்போது விரல் நடுங்குகிறது, நடுங்கினால் தப்பாகிறது.

பந்தலூர்_லைன்வீடு

சகோதரி, உங்களை மாதிரியே நினைத்துக்கொண்டு போனவள் நான், அதனால் யாரும் சொல்லாததைச் சொல்லிவிடுகிறேன்.

வீட்டோடு தங்கி வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு ஒரு ஏஜென்சி மூலம் போனேன், பெயர் வேண்டாம். குன்னூர்ப் பக்கம் பெரிய பங்களா, பிள்ளைகள் எல்லோரும் வெளிநாடு. அந்த அம்மா தங்கமானவர், எனக்கு அவரிடம் ஒரு குறையும் இல்லை. ஆனால் 24 மணி நேரமும் டியூட்டி. ராத்திரி நாலு தடவை எழுந்திருக்க வேண்டும், காலையில் வழக்கம்போல எழுந்திருக்க வேண்டும், மாதத்துக்கு இரண்டு நாள் லீவு. என் கைக்கு 15,000 வந்தது. நல்ல சம்பளம் என்றுதான் நானும் நினைத்தேன். எட்டு மாதம் கழித்து அந்த அம்மாவின் மகன் வீடியோ காலில் பேச்சுவாக்கில் சொல்கிறார், நாங்கள் 24,000 கட்டுகிறோமே, போதவில்லையா என்று.

எட்டு மாதமாக நான் கேட்கவே இல்லை. ஏன் கேட்கவில்லை தெரியுமா? எனக்கும் கணக்கு பிடிக்காது. ரசீது கேட்டால் ஏதோ பணத்தாசை பிடித்தவள் மாதிரி ஆகிவிடும் என்று கூச்சம். 'நீ சேவை மனசு உள்ள பொண்ணு' என்று அந்த ஏஜென்சிக்காரர் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பூரித்துப் போகும். அப்படிச் சொல்லிச் சொல்லியே மாதம் 9,000 எடுத்துக்கொண்டார்.

அதனால் மற்றவர் காசைக் கணக்குப் பார்க்க வேண்டாம், சரி, உங்கள் காசைப் பாருங்கள். வேலைக்குச் சேரும்போதே மாதச் சம்பளம் எவ்வளவு, எத்தனை மணி நேரம், வாரத்தில் எந்த நாள் லீவு என்று எழுதி வாங்குங்கள். ஆஸ்பத்திரி மாதிரி இடம் என்றால் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடிக்கிறார்களா என்று கேளுங்கள். பி.எஃப்.க்கு நம் பக்கம் 12 சதவீதம் பிடித்தால் அவர்களும் போட வேண்டும். இ.எஸ்.ஐ. சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு, நம்மிடம் பிடிப்பது 0.75 சதவீதம், முதலாளி போடுவது 3.25. இவ்வளவு கணக்கு போதும், இதையாவது படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நான் ஏஜென்சி இல்லாமல் நேராக இரண்டு வீட்டுக்குப் பகலில் மட்டும் போகிறேன். சம்பளம் முன்னைவிடக் கம்மிதான். ராத்திரி என் பிள்ளையோடு படுக்கிறேன்.

சீசன்_வாசி

அங்கன்வாடி? குழந்தைகளோடு பாட்டுப் பாடிக்கொண்டு இருக்கலாமே, அதில் என்ன கணக்கு இருக்கப் போகிறது.

கூடலூர்_மழைக்கோட்டு

அங்கன்வாடியில் கணக்கு இல்லை என்று யார் சொன்னது! என் அண்ணி அங்கே பணியாளர். ஒவ்வொரு குழந்தைக்கும் எடை, உயரம் பார்த்து, வயதுக்குத் தகுந்த எடை இருக்கிறதா என்று 2021இல் வந்த போஷன் டிராக்கர் செயலியில் ஏற்ற வேண்டும். சத்துமாவு எத்தனை பாக்கெட் வந்தது, எத்தனை போனது, முட்டை எத்தனை, பருப்பு எத்தனை கிலோ என்று எல்லாவற்றுக்கும் பதிவேடு. இருப்பு பதிவேட்டோடு ஒத்துப்போகாவிட்டால் கேள்வி வரும். தூறல் சொன்ன அந்த டேலி சமாச்சாரம் அப்படியே அங்கே இருக்கிறது. அண்ணி குழந்தைகளோடு பாடுவது உண்மைதான், ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்து செயலி சுற்றிக்கொண்டே இருப்பதைப் பார்த்துத் திட்டுவதும் உண்மை. எங்கள் பக்கம் டவர் கிடைக்க மேட்டுக்கு ஏற வேண்டும், ஏறினால் யானை நிற்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஏ.என்.எம். முடித்தவர்கள் போகிற கிராம சுகாதார செவிலியர் வேலையும் பாதிக்குப் பாதி. கர்ப்பிணிப் பெண்களின் வீட்டுக்குப் போவது, தடுப்பூசி போடுவது ரொம்ப நிறைவான வேலை, அதோடு தடுப்பூசி இருப்பு, 2 முதல் 8 டிகிரிக்குள் குளிர்ப் பெட்டி இருக்கிறதா என்கிற குறிப்பு, மாதாந்திர இலக்கு. இதையெல்லாம் தெரிந்துகொண்டு ஏ.என்.எம். படியுங்கள் என்றுதான் சொல்கிறேன், படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை.

உங்களுக்கு ரொம்பப் பக்கத்தில் வருகிற வேலை எனக்குத் தெரிந்து வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சைதான். 2021 ஆகஸ்ட்டில் அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கிற செவிலியரும் இயன்முறை மருத்துவரும் உண்டு. உங்கள் அம்மாயியைப் பார்க்க வந்த சிஸ்டரும் அப்படி வந்தவராகத்தான் இருக்கும். அதிலேயே பெண் சுகாதாரத் தன்னார்வலர் என்று உள்ளூர்ப் பெண்களை எடுக்கிறார்கள். மகளிர் குழுவில் இருக்கிறவர்களைத்தான் பெரும்பாலும் பார்ப்பார்கள். சர்க்கரை, பி.பி. மாத்திரையை வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பது, பி.பி. பார்ப்பது. வருமானம் சின்னது, இதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. ஆனால் வீடு வீடாக நடந்து பழகவும், இந்த வேலை உடம்புக்கு ஒத்துவருமா என்று பார்க்கவும் நல்ல வழி.

இங்கே கூடலூரில் அஸ்வினி ஆதிவாசி மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர் ஊர்களிலிருந்து வந்த பெண்களையே சுகாதாரப் பணியாளராகவும் செவிலியராகவும் பழக்கி எடுத்தார்கள், இன்றைக்கு நேற்று இல்லை, 1990இலிருந்து. பள்ளிக்கூடக் கணக்கு அதிகம் தெரியாமல் வந்தவர்கள்தான் பலர். அரிவாள் செல் ரத்தசோகை உள்ள குழந்தைக்கு எப்போது வலி வரும், குளிரில் ஏன் கூடுகிறது, எத்தனை டம்ளர் தண்ணீர் குடிக்க வைக்க வேண்டும் என்று அந்தக் குழந்தையின் அம்மாவுக்கு அவர்கள் பாஷையிலேயே சொல்ல வெளியிலிருந்து வந்த ஆளால் முடியாது.

குன்னூர்_டீச்சர்

தூறலின் பதிலைப் பார்த்தேன். எண்ணைப் பார்த்துப் பயமில்லை, பணத்தைப் பார்த்துத்தான் பயம். அப்படி என்றால் சிஸ்டர் சொன்ன வழி உங்களுக்கு அடைபடவில்லை.

என் துறையையும் சொல்லிவிடுகிறேன். சிறப்புக் கல்வியில் டிப்ளமா இரண்டு வருடம், பிளஸ் டூவில் 50 சதவீதம் இருந்தால் எந்தக் குரூப்பாக இருந்தாலும் சேரலாம். பட்டம் முடித்தவர்களுக்கு இரண்டு வருட பி.எட். சிறப்புக் கல்வியும் இருந்தது, இப்போது சேர்க்கை இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகாரம் உள்ள கல்லூரியாக இருக்க வேண்டும், முடித்ததும் அந்தக் கவுன்சிலில் பதிவு எண் வாங்க வேண்டும், அது இல்லாமல் வகுப்பெடுக்க முடியாது. பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளின் வீட்டுக்கே போய்ச் சொல்லிக்கொடுக்கும் வேலை இது. என் பட்டியலில் ஒரு பையன் இருக்கிறான், மூளை முடக்குவாதம். அவனுக்குச் சட்டைப் பொத்தான் போடக் கற்றுக்கொடுக்க எனக்கு ஏழு மாதம் ஆனது. அவன் வீட்டுக்குப் போக பஸ்ஸிலிருந்து இறங்கி ஒன்றரை கிலோமீட்டர் தேயிலைக்குள் நடக்க வேண்டும், காட்டெருமை நின்றால் அது நகரும் வரை நாமும் நிற்க வேண்டும். தொகுப்பூதியம்தான், நிரந்தரம் எப்போது என்று கேட்டால் எங்களுக்கே தெரியாது, இதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் இல்லையா.

எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப் பணி முதுகலைப் படிப்பு, என்று யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்கிறேன். பி.காம். முடித்தவர்கள் சேரலாம், குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பாதிக்கப்பட்ட பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம் மாதிரி இடங்களில் வேலை உண்டு. ஆனால் அந்தப் படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக வரும், பயப்படாமல் படித்தால் ஒரு செமஸ்டரோடு போய்விடும்.

கல்லட்டி_36

இன்னொன்று. ஊட்டியில் 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளோடு புது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறந்துவிட்டார்கள், நாங்கள் ஆள் கொண்டுபோய் இறக்குகிற இடம். மாவட்ட நலவாழ்வுச் சங்கம் மூலமாக அவ்வப்போது ஒப்பந்த வேலைக்கு அறிவிப்பு வரும், மாவட்ட இணையதளத்தில் போடுவார்கள். பல்நோக்கு மருத்துவமனைப் பணியாளர் என்று ஒன்று இருக்கிறது, பெரிய படிப்பு கேட்பதில்லை. நோயாளியைத் தள்ளுவண்டியில் தள்ளுவது, படுக்கை மாற்றுவது, சுத்தம் செய்வது. கௌரவம் பார்க்காமல் ஒரு வருடம் நின்றால் ஆஸ்பத்திரி என்றால் என்ன என்று புரிந்துவிடும். திறன் பயிற்சித் திட்டங்களில் நோயாளிப் பராமரிப்பு உதவியாளர் என்று சில மாதப் பயிற்சி கட்டணம் இல்லாமல் நடக்கும், மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கேளுங்கள், இப்போது எங்கே நடக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

பழைய_சிஸ்டர்

தம்பி சொன்னதை நானும் ஆமோதிக்கிறேன். இரண்டு வருடப் படிப்புக்குப் பணம் கட்டும் முன் ஒரு மாதம் எங்கேயாவது போய் நின்று பாருங்கள், தங்கச்சி. சொந்தப் பாட்டியின் மூத்திரத் துணியை மாற்றுவது வேறு, முன்பின் தெரியாத ஆணுக்கு மாற்றுவது வேறு. அவர் உங்களைத் திட்டுவார், சில நேரம் கையைப் பிடிப்பார், அவர் வீட்டுக்காரர்கள் உங்களை வேலைக்காரி என்று கூப்பிடுவார்கள். அதை எல்லாம் தாண்டி மறுநாள் போகத் தோன்றுகிறதா என்று பாருங்கள். எனக்குத் தெரிந்து அன்பு நிறைய உள்ள பிள்ளைகள்தான் சீக்கிரம் ஓடிப்போனார்கள். ஒவ்வொரு சாவுக்கும் அழுது தீர்த்துவிட்டார்கள், அதற்கு மேல் அவர்களிடம் ஒன்றும் மிச்சம் இல்லை. கோத்தகிரி அரசு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம், அங்கே வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் சிஸ்டர் யார் என்று விசாரித்து, கூட வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். முடியாது என்றால் முதியோர் இல்லத்தில் கேளுங்கள், சனி ஞாயிறு கையுதவிக்கு ஆள் வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

போகும்போது நொடி முள் உள்ள வாட்ச் ஒன்று கட்டிக்கொண்டு போங்கள். செல்போனைப் பார்த்து நாடி எண்ணக் கூடாது, கண் அங்கே போய்விடும். முழுசாக ஒரு நிமிடம் எண்ணுங்கள், அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கும் சோம்பேறித்தனம் முதலிலேயே பழகினால் கடைசி வரைக்கும் போகாது.

கோத்தகிரி_தூறல்

பெருக்கல் வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அது போதும் சிஸ்டர்.

வியாழக்கிழமை எனக்கு வாராந்திர லீவு. எங்கள் வீட்டுக்கு வந்த சிஸ்டரின் நம்பர் அம்மாயியின் மாத்திரை டப்பா மூடியில் நானே எழுதி ஒட்டியது, இன்னும் இருக்கிறது. ராத்திரி கூப்பிட்டேன். 'வா, ஆனால் காலை எட்டரைக்கே கிளம்பிவிடுவோம், கட்டபெட்டுப் பக்கம் மூன்று வீடு, நடக்கிற செருப்பு போட்டுக்கொண்டு வா' என்றார். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. பந்தலூர் அக்கா, நீங்கள் எழுதியதை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், சதவீதத்தோடு.

தாத்தாவின் எச்.எம்.டி. வாட்ச் டிரங்குப் பெட்டியில் இருந்தது. சாவி கொடுத்தேன், நொடி முள் ஓடுகிறது. வார்தான் போய்விட்டது, நாளைக்கு பஜாரில் மாற்ற வேண்டும்.